தானாகப் பூக்கும் கஞ்சா: ஒரு களைச்செடியின் வரலாறு

ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயது வந்த ஒருவர் தம் வீட்டில் 3 கஞ்சாச் செடிகள் வரை வளர்க்கச் சட்டம் இடம் தருகிறது. கனடாவில் 2018 முதல் பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு 4 செடிகள் என்பது கணக்கு. அந்த நாடுகளில் முதன்முதலாக வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் செடி வளர்க்கப் புகுவோருக்குப் பலரும் பரிந்துரைப்பது 'ஆட்டோஃபிளவரிங்' எனப்படும் தானாகப் பூக்கும் வகை. ஏதோ புதிய கண்டுபிடிப்பு போல அது விற்கப்படுகிறது. ஆனால் அதன் முக்கியப் பண்பு, வோல்கா ஆற்றங்கரையில் குப்பைமேட்டிலும் வேலியோரத்திலும் யாரும் சீண்டாமல் முளைத்துக் கிடந்த ஒரு களைச்செடியிலிருந்து அறியப்பட்டது. அதை அறிந்த கதையில் தாவரவியலின் ஒரு பெரிய கண்டுபிடிப்பும், ஓர் அறிவியலாளரின் சிறைச்சாவும் இருக்கின்றன.

தொடங்குமுன் சொல் பற்றி ஒரு விளக்கம். 'ஹெம்ப்' என்ற சொல்லைத் தமிழில் பலர் 'சணல்' என்று எழுதிவிடுகிறார்கள். சணல் என்பது கோணிப்பை நெய்யும் நார்; அது வேறு குடும்பச் செடி. நம் உழவர்கள் பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பு அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஹெம்ப் எனப்படுவது நாருக்கும் விதைக்கும் வளர்க்கப்படும் கஞ்சாச் செடியேதான். போதைப்பொருள் அதில் மிகக் குறைவு. இக்கட்டுரையில் அதை நார்க்கஞ்சா என்றே குறிப்பிடுகிறேன்.

கஞ்சா இயல்பில் ஒரு குறும்பகல் தாவரம். கோடையின் நீண்ட பகல்களில் இலையும் தண்டுமாக வளரும். பகல் குறைந்து இரவு நீளத் தொடங்கியதும் பூக்கும். மேல்நிலைப் பள்ளித் தாவரவியலில் ஒளிக்காலத்துவம் என்ற பாடத்தைப் படித்த மாணவர்களுக்கு கார்னர், அல்லார்டு என்ற இரண்டு அமெரிக்கர்களின் பெயர்கள் நினைவிருக்கும். 1920-இல் மேரிலாந்து மாமத் என்ற புகையிலையையும் பைலாக்சி சோயா மொச்சையையும் கொண்டு, பூப்பதைத் தீர்மானிப்பது பகலின் நீளம் என்று அவர்கள் நிறுவினார்கள். ஒளிக்காலத்துவத்துக்கான ஆங்கிலச் சொல்லும் அவர்கள் தந்ததே.

அவர்களுக்குச் சில ஆண்டுகள் முன்பே பிரான்சில் ஜூலியன் தூர்னுவா என்ற இளைஞர் இதே உண்மையின் வாசலில் நின்றார். அவர் எடுத்துக்கொண்ட செடிகளுள் ஒன்று கஞ்சா. மற்றொன்று அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹாப் கொடி. குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்துக்குள் விதைத்த செடிகள், சில இலைகள் விடுவதற்குள்ளேயே பூத்துவிடுவதை அவர் கண்டார். வெப்பமா, ஈரமா, சத்துக் குறைவா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். கடைசியில், செடிகளுக்கு நாள்தோறும் சில மணி நேர வெளிச்சம் மட்டும் கிடைக்கும்படி மூடி வைத்துப் பார்த்தார். அவை சீக்கிரமே பூத்தன. 1914-இல் வெளியான கட்டுரையில் அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். பகல் குறைவதைவிட இரவு நீள்வதே காரணம் என்று எழுதினார். 1938-இல் ஹாம்னரும் பானரும் மருளூமத்தைச் செடியின் இருட்டு நேரத்தை வெளிச்சத்தால் குறுக்கிட்டுக் காட்டிய பிறகே அந்தக் கூற்று உறுதிப்பட்டது. தூர்னுவா அதையெல்லாம் பார்க்கவில்லை. முதல் உலகப்போர் அவரைக் கொண்டுபோய்விட்டது. பாடநூல்களில் அவர் பெயர் பெரும்பாலும் வருவதில்லை. வர வேண்டும் என்பது என் கருத்து.

இன்று வீட்டுக்குள் சாதாரணக் கஞ்சா வளர்ப்போர், செடி பூக்க வேண்டிய கட்டத்தில் விளக்கை 12 மணி நேரம் அணைத்து வைக்கிறார்களே, அது தூர்னுவா செய்ததன் வழிவந்த உத்திதான். தானாகப் பூக்கும் வகைக்கு இந்த இருட்டு தேவையில்லை. விளக்கு எவ்வளவு நேரம் எரிந்தாலும் முளைத்த சில வாரங்களில் அது பூத்துவிடும். தாவரவியல் மொழியில் அது நாள்நடுநிலைத் தாவரம்.

இப்பண்பு எதற்காக வந்தது? விடை பூமியின் அட்சரேகையில் இருக்கிறது. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகல் 13 மணி நேரத்தைக்கூடத் தொடுவதில்லை. வோல்கா கரையிலுள்ள சரத்தோவ் நகரில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்துக்கு மேல். அங்கே ஒரு குறும்பகல் தாவரம் இரவு நீளட்டும் என்று காத்திருந்தால் கோடை முடிந்துவிடும். பூத்து விதை முற்றுமுன் உறைபனி வந்து கருக்கிவிடும். பகலை எதிர்பார்க்காமல் தன் வயதைக் கொண்டே பூக்கிற செடிக்கு அந்த ஆபத்து குறைவு. விதை சிந்தி அடுத்த தலைமுறையைக் காணும் வாய்ப்பு அதற்கே அதிகம்.

சரத்தோவின் தாவரவியலர் யானிஷெவ்ஸ்கி 1924-இல் இந்தக் காட்டுக் கஞ்சாவைத் தனி இனமாக விவரித்து கன்னாபிஸ் ருடெராலிஸ் என்று பெயரிட்டார். இடிபாடு, கட்டடக் குப்பை என்ற பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. வயலில் நிற்கும் நார்க்கஞ்சா ஆளைவிட உயர்ந்து வளரும், இதுவோ குட்டை. அதைவிட அவர் கூர்ந்து பார்த்தது விதையை. சிறிதாக, புள்ளியும் வரியுமாக, மண்ணோடு மண்ணாகத் தெரியாத நிறத்தில் இருந்தது. முற்றியவுடன் காம்பிலிருந்து எளிதில் உதிர்ந்தது. அடியில் கொழுப்புள்ள ஒரு சிறு முண்டு. அதை நாடி வரும் பூச்சிகள் விதையை நகர்த்திச் செல்லும். உழவன் விரும்பும் விதை கதிரிலேயே நிற்க வேண்டும், எல்லாம் ஒன்றாக முளைக்க வேண்டும். காட்டுச் செடிக்கு இரண்டுமே தீங்கு. நெல்லையும் காட்டு நெல்லையும் ஒப்பிட்டால் இதே வேறுபாடு தெரியும்.

அதே சரத்தோவில் 1917 முதல் 1921 வரை பேராசிரியராக இருந்தவர் நிகொலாய் வாவிலோவ். பயிர்கள் எங்கே தோன்றின என்று உலகம் முழுதும் அலைந்து தேடியவர். கோதுமை வயலில் களையாகப் புகுந்த ரை, குளிர்நிலங்களில் கோதுமையையே விஞ்சித் தானும் பயிரானது என்று காட்டியவர். கஞ்சாவையும் அவர் அவ்வாறே பார்த்தார். எரு மிகுந்த மண்ணை விரும்பும் இச்செடி மனிதனின் முகாமையும் மாட்டுக்கொட்டிலையும் தேடித் தானாகவே வந்தது. மனிதன் பிறகுதான் அதைக் கவனித்து விதையைச் சேர்க்கத் தொடங்கினான் என்பது அவர் கருத்து. மனிதன் செடியைத் தேர்ந்தெடுத்தான் என்றே எண்ணிப் பழகிய நமக்கு இது கொஞ்சம் உறுத்தும்.

வாவிலோவ் லெனின்கிராடில் உருவாக்கிய விதைக் களஞ்சியம் அக்காலத்தில் உலகிலேயே பெரியது. மரபியலை ஏற்காத லைசென்கோவுக்கு ஸ்டாலினின் ஆதரவு பெருகியபோது வாவிலோவின் நிலை சரிந்தது. 1940 ஆகஸ்டில், விதை சேகரிக்கப் போன இடத்திலேயே கைது செய்யப்பட்டார். 1941-இல் மரண தண்டனை. பிறகு அது சிறைத்தண்டனையாகக் குறைக்கப்பட்டது. வாழ்நாள் முழுதும் மக்களின் பசி தீர வழி தேடியவர் 1943 ஜனவரி 26 அன்று சிறையில் போதிய உணவின்றி நலிந்து இறந்தார். அந்தச் சிறை இருந்த ஊர் சரத்தோவ். லெனின்கிராடு முற்றுகையிடப்பட்டிருந்த காலத்தில் அவருடைய களஞ்சியத்தைக் காத்த ஊழியர்கள் பலர் பட்டினியால் மாண்டார்கள். சுற்றிலும் இருந்த தானிய விதைகளை உண்ணவில்லை.

அந்தக் களஞ்சியத்திலிருந்துதான் கதையின் அடுத்த பகுதி தொடங்குகிறது. 1990-களில் பின்லாந்தில் காலவேயும் அவருடன் பணியாற்றியவர்களும், குறுகிய கோடையில் முற்றக்கூடிய நார்க்கஞ்சாவைத் தேடினார்கள். ரஷ்யக் களஞ்சியத்திலிருந்து பெற்ற விதைகளைக் கொண்டு அவர்கள் உருவாக்கிய வகை ஃபினோலா. குட்டையாக வளர்ந்து, பகல் நீளத்துக்குக் காத்திராமல் பூத்து, நிறைய விதை தருகிறது. விதையெண்ணெய்க்காக கனடாவிலும் ஐரோப்பாவிலும் பயிரிடப்படுகிறது. போதை தரும் அளவுக்கு அதில் எதுவும் இல்லை. தானாகப் பூக்கும் பண்பு முதலில் முறையாகப் பயன்பட்டது உணவுப் பயிரில் என்பதைப் பலர் அறியார்.

போதை வகைகளில் இப்பண்பைக் கொண்டுவரும் முயற்சிகள் தனியார் விதை வளர்ப்பாளர்களிடையே நடந்துவந்தன. 2000-களின் தொடக்கத்தில் லோரைடர் என்ற குட்டை வகை சந்தைக்கு வந்து பரவியது. இதில் மெண்டல் பாடம் ஒன்று இருக்கிறது. தானாகப் பூக்கும் பண்பு பெரும்பாலும் ஒடுங்கு பண்பாகவே செயல்படுகிறது. சாதாரண வகையோடு கலந்தால் முதல் தலைமுறையில் அது வெளிப்படாது. அவற்றை ஒன்றோடொன்று கலந்தால் இரண்டாம் தலைமுறையில் ஏறத்தாழ நான்கில் ஒன்று தானாகப் பூக்கும். பட்டாணிச் செடியில் பார்த்த அதே 3:1 விகிதம். முதல் தலைமுறையோடு கைவிட்டிருந்தால் இந்த வகைகளே இருந்திருக்காது.

புதியவர்களுக்கு இது எளிது என்று சொல்வதில் பாதி உண்மைதான் உண்டு. இருட்டைக் கணக்கிட்டுத் தரும் வேலை மிச்சம். ஆனால் செடியின் கடிகாரம் வளர்ப்பவர் கையில் இல்லை. சாதாரண வகை இளம் பருவத்தில் நோயாலோ வேர்ச்சிதைவாலோ நலிந்தால், நீண்ட பகலில் வைத்து அது தேறும்வரை காத்திருக்கலாம். தானாகப் பூக்கும் வகை நலிந்த நிலையிலேயே பூத்து முடிந்துவிடும். கிளையை வெட்டி நட்டும் பெருக்க இயலாது, ஏனெனில் தாய்ச்செடியின் வயது கிளைக்கும் உண்டு. உறைபனிக்கு அஞ்சிய களைச்செடியின் அவசரம் கண்ணாடிக் கூடத்திலும் மாறவில்லை.

இனப்பெயர் பற்றிய வழக்கு இன்றும் ஓயவில்லை. லின்னேயஸ் 1753-இல் வைத்த பெயர் கன்னாபிஸ் சட்டைவா. புதுச்சேரியில் பணிபுரிந்த சொன்னரா இந்தியாவிலிருந்து கொண்டுபோன செடிகளைப் பார்த்து லமார்க் 1785-இல் இண்டிகா என்று இன்னோர் இனம் பிரித்தார். ருடெராலிஸையும் சேர்த்து மூன்று இனங்கள் என்றார் ஷூல்டெஸ். 1976-இல் ஸ்மாலும் கிரான்க்விஸ்டும் எல்லாம் ஒரே இனத்தின் உட்பிரிவுகள் என்றார்கள். இது ஏட்டுச் சண்டையாக மட்டும் நிற்கவில்லை. அமெரிக்கச் சட்டத்தில் சட்டைவா என்று மட்டும் எழுதியிருந்ததால், 'என் கட்சிக்காரரிடம் இருந்தது வேறு இனம்' என்று 1970-களில் வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். தாவரவியலர்கள் கூண்டேறிச் சாட்சி சொன்னார்கள். நீதிமன்றங்கள் பெரும்பாலும் அவ்வாதத்தை ஏற்கவில்லை.

இந்தியாவின் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் அந்த ஓட்டை இல்லை. கஞ்சாச் செடி என்பதற்கு, கன்னாபிஸ் பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியும் என்று அது பொருள் தருகிறது. ஆகவே குட்டையோ நெட்டையோ, தானாகப் பூப்பதோ இருட்டுக்குக் காத்திருப்பதோ, உரிமம் இல்லாமல் வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வெளிநாட்டு இணையக் கடைகள் விதையை நினைவுப்பொருள் என்று பெயர் சூட்டி விற்பதைப் பார்த்து, முளைக்க வைப்பதும் குற்றமில்லை என்று நினைக்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். நாருக்கும் விதைக்கும் அரசின் அனுமதியோடு பயிரிட அதே சட்டத்தில் இடமுண்டு. உத்தரகாண்ட் அந்த வழியில் நார்க்கஞ்சாவுக்கு உரிமம் வழங்கியிருக்கிறது.