திணறலா, தாளப் பிசகா? கணினியிலிருந்து டிவிக்குப் போகும் படம்

டிவிக்குப் பக்கத்தில் ஒரு சிறு கணினியை வைத்து, எச்டிஎம்ஐ கேபிளால் இணைத்துப் படம் பார்ப்பவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: படம் வெட்டி வெட்டி ஓடுகிறது. இதற்குள் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்று, கணினிக்குச் சக்தி போதாமல் வரும் திணறல். மற்றது, படத்தின் வேகமும் டிவியின் வேகமும் ஒத்துப்போகாமல் வரும் தாளப் பிசகு. முன்னதற்குச் சில சமயம் புதுச் சாதனம் வேண்டியிருக்கும். பின்னதற்கு அநேகமாக ஒரு செட்டிங்கை மாற்றினால் போதும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கிராஃபிக்ஸ் கார்டு, விலை கூடிய கேபிள், கடைசியில் புதுக் கணினி என்று வாங்கிப் போட்டு, வெட்டல் அப்படியே இருப்பதைக் கண்டு சோர்ந்து போகிறவர்கள் உண்டு. அந்தப் பணம் வீணாகக் கூடாது என்பதற்காகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

திணறலைப் புரிந்துகொள்வது எளிது. வீடியோ கோப்பு சுருக்கி வைக்கப்பட்டது. ஓடும்போது ஒவ்வொரு ஃபிரேமையும் கணினி விரித்துத் தரவேண்டும். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 42 மில்லிசெகண்ட்தான் அவகாசம். அதற்குள் விரிக்க முடியாவிட்டால் அந்த ஃபிரேம் கைவிடப்படும். இந்த வேலைக்கென்றே கிராஃபிக்ஸ் சிப்பில் தனிச் சுற்று இருக்கிறது. ஆனால் அந்தச் சுற்றுக்குத் தெரிந்த சுருக்க முறையில் கோப்பு இருக்கவேண்டும். எச்.264 வந்தது 2003-இல், எச்இவிசி 2013-இல், ஏவி1 2018-இல். இன்டெல் சிப்புகளில் 10-பிட் எச்இவிசியை முழுவதும் தனிச் சுற்றிலேயே விரிக்கும் வசதி ஏழாம் தலைமுறையில் வந்தது. ஏவி1-க்கு அது பதினோராம் தலைமுறை. ஆகவே பழைய ஐ5 கணினி எச்.264 படங்களை அலுங்காமல் ஓட்டிவிட்டு, 4கே எச்இவிசி கோப்பு வந்ததும் மூச்சு வாங்கினால் அதில் வியப்பில்லை. தனிச் சுற்று கைவிரித்ததும் முழுச் சுமையும் சிபியு தலையில் இறங்குகிறது.

தாளப் பிசகு வேறு வகை. இங்கே கணினி ஒரு ஃபிரேமைக்கூடத் தவறவிடுவதில்லை. பெரும்பாலான கணினிகள் டிவிக்கு 60 ஹெர்ட்ஸில் படத்தை அனுப்புகின்றன, அதாவது நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படுகிறது. சினிமாவோ, பேசும்படம் நிலைபெற்ற காலத்திலிருந்து நொடிக்கு 24 ஃபிரேம். 60-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டரை. ஒரு ஃபிரேமை இரண்டரை முறை காட்ட வழியில்லாததால் ஒன்று இரண்டு முறை, அடுத்தது மூன்று முறை என்று மாறி மாறிக் காட்டப்படுகிறது. ஒரு ஃபிரேம் திரையில் 33 மில்லிசெகண்ட் நிற்கிறது, அடுத்தது 50 மில்லிசெகண்ட் நிற்கிறது. இருவர் உட்கார்ந்து பேசும் காட்சியில் இது கண்ணில் படாது. கேமரா கோபுரத்தின் அடியிலிருந்து உச்சிக்கு மெல்ல ஏறும்போதும், வயல்வெளியைக் குறுக்காகக் கடந்து போகும்போதும் பாருங்கள். கோபுரமும் வரப்பும் நொண்டி நொண்டி நகரும். அந்தக் காட்சியை ஒளிப்பதிவாளர் எடுத்தது அப்படியல்ல.

நம் வீடுகளில் இது மேலும் சிக்கலாகிறது. இந்தியத் தொலைக்காட்சி 50 ஹெர்ட்ஸ் முறையைச் சேர்ந்தது. அதை ஒட்டி, கல்யாண வீடியோக்களும் பெரும்பாலும் 25 ஃபிரேமில் எடுக்கப்பட்டவை. சினிமா 24. கைபேசியில் எடுத்தது பொதுவாக 30 அல்லது 60. ஒரே ஹார்ட் டிஸ்கில் இவையெல்லாம் கலந்து கிடக்கின்றன. இவற்றில் 60 ஹெர்ட்ஸோடு முழுக்க ஒத்துப்போவது கைபேசி வீடியோ மட்டுமே. 25 ஃபிரேமை 60-இல் காட்டவேண்டுமானால் 2, 2, 3, 2, 3 என்ற கோணல் வரிசைதான் கிடைக்கும். ஊர்வலக் காரைப் பின்தொடர்ந்து எடுத்த காட்சி தடுக்கித் தடுக்கிப் போவது அதனால்தான். ஸ்டூடியோக்காரரின் கைநடுக்கம் என்று எண்ணவேண்டாம்.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? திணறல் சீரற்றது. மழை, கடலலை, கூட்டம், பூமாரி என்று திரை முழுக்க நுணுக்கமான அசைவு இருக்கும் இடத்தில் கூடும், அமைதியான காட்சியில் மறையும். ஒலி முன்னே போய்விடும், படம் பின்தங்கி ஒரேயடியாகத் தாவும். விசிறியில்லாத சிறு கணினிகளில் முதல் அரைமணி நேரம் நன்றாக ஓடிவிட்டு, சிப் சூடேறி வேகம் குறைந்த பிறகும் இது தொடங்கலாம். தாளப் பிசகு படம் தொடங்கிய நிமிடத்திலும் முடியும் நிமிடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். ஒலியும் படமும் துளியும் விலகாது. கடைசியில் மேலேறும் பெயர்ப் பட்டியல்தான் இதற்குச் சரியான சோதனை. எழுத்துகள் ஒரே சீராக அதிர்ந்தபடி ஏறினால் தாளம் தப்பியிருக்கிறது.

ஐயமிருந்தால் அதே படத்தின் 720பி பிரதி ஒன்றை ஓட்டிப் பாருங்கள். சுமை குறைந்ததும் வெட்டல் மறைந்தால் அது திணறல். அப்படியே இருந்தால் தாளப் பிசகு. இதைவிடத் தெளிவான சோதனை வேறில்லை. எண்ணாகவும் பார்க்கலாம். விஎல்சி பிளேயரில் கோடெக் தகவல் பகுதியில் புள்ளிவிவரம் என்ற பக்கம் இருக்கிறது. எம்பிவி பிளேயரில் ஷிஃப்ட்டோடு ஐ விசை. இழந்த ஃபிரேம்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் திணறல். எண் அசையாமல் நிற்க, கண்ணுக்கு மட்டும் வெட்டல் தெரிந்தால் மற்றது.

“லேப்டாப்பில் நன்றாகத்தானே ஓடியது” என்பார்கள். சாதாரண லேப்டாப் திரையும் 60 ஹெர்ட்ஸ்தான், அதே பிசகு அங்கேயும் இருந்தது. சிறு திரையில் உருவம் நகரும் தூரம் குறைவு, 55 அங்குலத்தில் அதிகம். அதனால்தான் டிவியில் உறுத்துகிறது. கேபிளையும் வீணாகப் பழிக்கிறோம். கேபிள் கெட்டால் திரையில் புள்ளிகள் மினுங்கும், படம் கருத்து மீளும். சீரான வெட்டலை அது உண்டாக்காது. வைஃபை வழியாகப் படம் வருமானால் வட்டம் சுற்றி நிற்பது வேறு கதை. கோப்பைக் கணினிக்கே நகலெடுத்து ஓட்டினால் தெரிந்துவிடும்.

இரண்டும் முகம் மாற்றிக்கொள்ளும் இடங்கள்தான் ஏமாற்றுபவை. புளூரேயில் சினிமா சரியாக 24 அல்ல, 23.976. 1953-இல் அமெரிக்கா வண்ணத் தொலைக்காட்சிக்காக ஃபிரேம் வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்ததன் மிச்சம் அது. கணினி முழு 24 ஹெர்ட்ஸில் அனுப்பினால் ஏறக்குறைய 42 நொடிக்கு ஒருமுறை ஒரு ஃபிரேம் இருமுறை வரும். 2011-இல் வந்த இன்டெல் சாண்டி பிரிட்ஜ் சிப்புகளில் இந்தக் குறை பேர்போனது. பார்ப்பவர் அதைத் திணறல் என்றே நினைப்பார். இன்னொன்று, எச்டிஎம்ஐ 1.4 மட்டுமே உள்ள பழைய கணினியை 4கே டிவியில் மாட்டுவது. 4கேயில் அதன் உச்சம் 30 ஹெர்ட்ஸ். 24 ஃபிரேம் படத்தில் நான்கில் ஒரு ஃபிரேம் இருமடங்கு நேரம் நிற்கும், 60 ஃபிரேம் கைபேசி வீடியோவில் பாதி காணாமல் போகும். அங்கே வெளியீட்டை 1080பிக்கு இறக்குவதே நல்லது. பெரிதாக்கும் வேலையை டிவி பார்த்துக்கொள்ளும்.

தாளப் பிசகுக்கு மருந்து, படம் தொடங்கும்போதே டிவியின் வேகத்தைப் படத்துக்கு ஏற்ப மாற்றுவது. கோடி மென்பொருளில் பிளேயர் செட்டிங்கில் ‘அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்’ என்ற வரி இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் சினிமாவுக்கு 24 வகை, கல்யாண வீடியோவுக்கு 50 என்று தானே மாறும். மாறும் வேளையில் திரை ஓரிரு நொடி கருக்கும், அவ்வளவுதான். சில மலிவு டிவிகள் 24-ஐ வாங்கிக்கொண்டு உள்ளே மறுபடி 60 ஆக்கிவிடுகின்றன. அங்கே கணினியால் செய்யக்கூடியது ஏதுமில்லை. டிவியின் அசைவு மென்மையாக்கும் வசதியை நான் பரிந்துரைக்க மாட்டேன். எவரும் எடுக்காத ஃபிரேம்களை அது இடையில் செருகி, சினிமாவை சீரியலாக்கிவிடுகிறது.

திணறல்தான் என்று உறுதியானால் முதலில் விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்து ‘வீடியோ டீகோட்’ வரைபடத்தைப் பாருங்கள். படம் ஓடியும் அது தரையோடு கிடந்தால் தனிச் சுற்று வேலை செய்யவில்லை. பிளேயரில் ஹார்டுவேர் டீகோடிங் அணைந்திருக்கலாம், டிரைவர் பழையதாக இருக்கலாம். இரண்டையும் சரிசெய்த பிறகும் கோடு எழவில்லை என்றால், உங்கள் சிப்புக்கு அந்தச் சுருக்க முறை தெரியாது. புதுச் சாதனத்துக்குப் பணம் எடுத்துவைக்க வேண்டிய இடம் அது ஒன்றே.