தரவுக் காட்சிப்படுத்தல்

எண்களாகவும் வகைகளாகவும் திரட்டிய தரவுகளைப் புள்ளி, கோடு, பட்டை, பரப்பு, நிறம் ஆகியவற்றால் வரைந்து காட்டுவது தரவுக் காட்சிப்படுத்தல் எனப்படும். அட்டவணையில் ஒவ்வோர் எண்ணையும் துல்லியமாகப் படிக்கலாம். எண்களுக்கு இடையிலான ஏற்ற இறக்கமும் தொடர்பும் விலகலும் படத்தில்தான் சட்டெனப் புலப்படும்.

தேவை

புள்ளியியலாளர் பிரான்சிஸ் அன்ஸ்கோம் 1973இல் நான்கு சிறு தரவுத் தொகுதிகளைக் கொண்டு படம் வரைந்து பார்ப்பதன் தேவையை நிறுவினார். ஒவ்வொன்றிலும் 11 இணை எண்கள் உள்ளன. நான்கிலும் முதல் மாறியின் சராசரி 9. இரண்டாவதன் சராசரி ஏறத்தாழ 7.5; ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.82. கணக்கின்படி நான்கும் ஒன்றே. வரைந்து பார்த்தால் முதலாவதில் புள்ளிகள் ஒரு நேர்கோட்டை ஒட்டிச் சிதறியிருக்கும். இரண்டாவது வளைகோடாக அமையும். மூன்றாவதில் ஒரு புள்ளி மட்டும் விலகி நிற்க, ஏனையவை நேர்கோட்டில் வரும். நான்காவதில் பத்துப் புள்ளிகள் செங்குத்தாக அடுக்கி நிற்க, தொலைவில் உள்ள ஒற்றைப் புள்ளியே ஒட்டுறவு முழுவதையும் உண்டாக்குகிறது.

வரலாறு

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர், பொருளியல் தரவுகளுக்குக் கோட்டு வரைபடத்தையும் பட்டை வரைபடத்தையும் 1786இல் வெளியான நூலில் பயன்படுத்தினார். வட்ட விளக்கப்படத்தை 1801இல் அறிமுகம் செய்தார். 1854இல் லண்டன் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது நேர்ந்த இறப்புகளை மருத்துவர் ஜான் ஸ்னோ வீடுவாரியாகத் தெருப்படத்தில் குறித்தார். பிராட் தெரு அடிகுழாயைச் சுற்றி அவை திரண்டிருந்தது அப்படத்தில் தெளிவாயிற்று. கிரிமியப் போரில் காயங்களைவிடத் தடுக்கக்கூடிய நோய்களுக்கே வீரர்கள் அதிகம் பலியானதை பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1858இல் வண்ண ஆரைத்துண்டுகளால் காட்டினார்.

பிரெஞ்சுப் பொறியாளர் சார்ல் ஜோசப் மினார் 1869இல் வரைந்த படம், 1812இல் ரஷ்யா மீது நெப்போலியன் நடத்திய படையெடுப்பைப் பற்றியது. அதில் படையின் பாதை ஒரு பட்டையாகச் செல்கிறது. பட்டையின் ஒவ்வொரு மில்லிமீட்டர் அகலமும் 10,000 வீரர்களைக் குறிக்கும். எல்லையில் 4,22,000 பேராகப் புறப்பட்ட படை, மாஸ்கோவில் 1,00,000 பேராகச் சுருங்கி, 10,000 பேருடன் திரும்புகிறது. திரும்பும் வழி கறுப்புப் பட்டையாகவும் அதன் கீழே வெப்பநிலை கோடாகவும் வரையப்பட்டுள்ளன. இடம், திசை, காலம், குளிர், ஆள்பலம் அனைத்தையும் ஒரே தாளில் ஒருசேரப் படிக்க முடிகிறது.

கண்ணும் அளவும்

வில்லியம் கிளீவ்லாந்தும் ராபர்ட் மெக்கிலும் 1984இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே அளவுகோலில் உள்ள இடத்தைக் கண் மிகத் துல்லியமாக மதிப்பிடுகிறது. நீளம், கோணம், பரப்பு, கனஅளவு, நிறச்செறிவு எனச் செல்லச்செல்ல அந்தத் துல்லியம் குறைகிறது. ஆகவே நெருங்கிய மதிப்புகளை ஒப்பிட வட்ட விளக்கப்படத்தைவிடப் பட்டை வரைபடமே ஏற்றது.

வடிவத் தேர்வு

எந்தக் கேள்விக்கு விடை தேடப்படுகிறது என்பதே வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டும். வகைகளை ஒப்பிடப் பட்டையும், காலப்போக்கிலான மாற்றத்துக்குக் கோடும், இரு மாறிகளின் தொடர்புக்குச் சிதறல் விளக்கப்படமும், இடம்சார்ந்த பரவலுக்கு நிலப்படமும் பொருந்தும். பல ஊர்களின் போக்கை ஒப்பிடும்போது, எல்லாக் கோடுகளையும் ஒரே படத்தில் நெருக்குவதைவிட ஒரே அளவுகோல் கொண்ட சிறு படங்களாக அடுக்குவது தெளிவு தரும்.

புதுமையான வடிவங்களையும் கேள்வியே தீர்மானிக்க வேண்டும். ஹான்ஸ் ரோஸ்லிங் நாடுகளைக் குமிழிகளாக்கி, வருமானமும் ஆயுட்காலமும் ஆண்டுதோறும் மாறுவதை அசைவில் காட்டினார். எட் ஹாக்கின்ஸ் 2018இல் உருவாக்கிய வெப்பக் கோடுகளில் ஓர் ஆண்டுக்கு ஒரு நிறக்கோடு; நீலம் சிவப்பாக மாறுவதே புவி வெப்பமாவதைச் சொல்லிவிடுகிறது. எண்ணைத் துல்லியமாகப் படிக்க அதில் வழியில்லை. போக்கை உணர்த்துவதே அதன் நோக்கம்.

தவிர்க்க வேண்டியவை

பட்டை வரைபடத்தின் அச்சு பூச்சியத்தில் தொடங்காவிட்டால், சிறு வேறுபாடும் பெரிதாகத் தோன்றும். இரு மடங்கு மதிப்பைக் காட்ட வட்டத்தின் ஆரத்தை இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகிவிடும். முப்பரிமாண அலங்காரம் நீளங்களைத் திரித்துக் காட்டும். சிவப்பு, பச்சை நிறங்களை மட்டும் நம்பிய படத்தை நிறக்குருடு உள்ளவர்களால் படிக்க இயலாது. அலகு, காலம், தரவின் மூலம் ஆகியவற்றைக் குறிக்காத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சான்றாகக் கொள்ளத் தக்கதன்று.