மாணிக்கமும் தூசியும்

விளாங்குடியில் எங்கள் வீட்டு மாடியில் காயும் துணியை உதறாமல் மடிக்க முடியாது. திண்டுக்கல் சாலைப் புழுதி அப்படி. முன்பு அம்மா உதறினாள், இப்போது நான்.

மேல்வானத்திலும் தூசி உண்டு. எரிமலை கக்கும் கந்தக வாயு அங்கே நுண்துளிகளாக மாறி, மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில்கூட மிதக்கும். 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்தபின் பூமியே சுமார் அரை டிகிரி குளிர்ந்தது. இந்தத் துகள்களை அளக்கும் கருவி லைடார். லேசர் துடிப்பு மேலே போய், துகளில் பட்டுச் சிதறித் திரும்புகிறது. போய்வந்த நேரத்தைக் கொண்டு உயரம் கணக்கிடலாம். 1964-இல் ஃபியோக்கோவும் கிராம்ஸும் சுமார் 20 கிலோமீட்டர் உயரத்துத் துகள் படலத்தை இப்படிக் கண்டதாக எழுதினார்கள். திருப்பதி அருகே கடங்கியில் 1998 முதல் லைடார் இயங்கியது.

நான் படித்த இயற்பியல் வரலாற்றில் இதெல்லாம் இருந்தது. ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை.

ஃபியோக்கோவின் லேசரில் இருந்தது மாணிக்கப் படிகம். 1960-இல் உலகின் முதல் லேசரும் மாணிக்கத்தில்தான் பிறந்தது. அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பே, பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் மாணிக்கமும் வைரமும் உமிழும் ஒளியை ஆராய்ந்தவர் அன்னா மணி. பீர்மேட்டில் 1918-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். வைரத்தின் மங்கலான ஒளி நிழற்படத் தட்டில் பதிய 15 முதல் 20 மணி நேரம் பிடிக்கும். பல இரவுகள் ஆய்வகத்திலேயே கழிந்தன. தனியாகவே ஐந்து கட்டுரைகள் எழுதினார். 1945-இல் ஆய்வேட்டைக் கொடுத்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டத்தை மறுத்தது.

அவர் முடங்கவில்லை. அரசு உதவித்தொகையில் லண்டன் சென்று வானிலைக் கருவிகளைக் கற்றார். 1948-இல் புணே திரும்பி, வானிலைத் துறையில் சுமார் நூறு கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தினார். சூரிய ஒளி தரைக்கு வருமுன் எவ்வளவு மங்குகிறது என்று அளந்து, காற்றின் தூசியைக் கணக்கிட்டு, 1969-இல் சக ஆய்வாளர்களுடன் கட்டுரை வெளியிட்டார். லேசர் இல்லாமலே நம் வானத்துத் தூசியை அளந்த கணக்கு அது.

தகுதி என்ற சொல்லைக் காட்டி எத்தனை பெண்களின் இரவுகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறோம்! பட்டம் பெறாத அந்த ஆய்வேடு இன்றும் பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனத்தின் நூலகத்தில் இருக்கிறது. இப்போது என் மாணவியருக்கு லைடார் பாடத்தை நான் 1964-இல் தொடங்குவதில்லை. மாணிக்கத்தின் ஒளிக்காக இரவில் விழித்திருந்த பெண்ணிடமிருந்து தொடங்குகிறேன்.