மின்சுற்றுக் கலைச்சொற்கள்: தடை, மறுப்பு, எதிர்ப்பு

மின்சுற்றுப் பகுப்பாய்வு ஓமின் விதியையும் (1827) கிர்க்காஃபின் விதிகளையும் (1845) அடிப்படையாகக் கொண்டது. தமிழில் அறிவியல் சொல்லாக்கத்தை, 1916இல் சேலத்தில் இராஜாஜி முன்னின்று தொடங்கிய சங்கமும், 1938இல் 'கலைச்சொற்கள்' தொகுதியை வெளியிட்ட சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கமும் இயக்கமாக வளர்த்தன. பின்னர்ப் பாடநூல்களில் நிலைபெற்ற மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை ஆகியவை நீரோட்டத்தை அடியொற்றிப் பொருள் உணர்த்துவன. மாணவருக்கு மிகுந்த விளக்கம் வேண்டுவதில்லை. 'வீட்ஸ்டோன் சமனச்சுற்று' என்பதோ மூலத்தினும் தெளிவானது. ஆங்கிலம் அதனைப் பாலம் என்றது. தமிழ் அதன் செயலையே பெயராக்கிற்று.

இடர்ப்பாடு மாறுதிசை மின்னோட்டத்தில் தொடங்குகின்றது. மின்தடை ஆற்றலை வெப்பமாகச் செலவிடும். சுருளும் மின்தேக்கியும் ஆற்றலைச் சேமித்துத் திரும்பத் தருவன. அவை மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் அளவு 'ரியாக்டன்ஸ்' எனப்படும். இரண்டும் கூடிய விளைவிற்கு 1886இல் ஹெவிசைடு ஆக்கிய சொல் 'இம்பீடன்ஸ்'. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இவற்றை முறையே மின்தடை, மின்மறுப்பு, மின்னெதிர்ப்பு என்கின்றன. பொதுவழக்கில் தடுத்தல், மறுத்தல், எதிர்த்தல் ஆகியவற்றின் பொருளெல்லைகள் ஒன்றையொன்று தழுவுவன. மேலும், 'ரியாக்டன்ஸ்' என்பதன் வேர்ப்பொருள் எதிர்வினையாதலின், மொழிபெயர்ப்பாளரின் கை 'எதிர்ப்பு' என்ற சொல்லையே நாடும். அது பிழையாகும். தொடரிணைப்பில் மின்தடை 3 ஓம், மின்மறுப்பு 4 ஓம் எனில் மின்னெதிர்ப்பு 5 ஓம், 7 அன்று. சொல் இடம் மாறினால் கணக்கே மாறிவிடும். இம்மூன்றும் பொருளால் அன்றி வரையறையால் மட்டுமே வேறுபடும் சொற்கள் என்பதை நூலின் தொடக்கத்திலேயே கூறுதல் வேண்டும்.

பண்பையும் அதனை உடைய பொருளையும் பிரித்துக் காட்டுவதில் இலங்கைத் தமிழ் விகுதிகளைத் திறம்பட ஆண்டுள்ளது. அங்கே 'தடை' பண்பு, 'தடையி' பொருள். 'கொள்ளளவம்' பண்பு, 'கொள்ளளவி' பொருள். ஓர் 'இ' விகுதி செய்யும் பணிக்குத் தமிழ்நாட்டில் 'மின்தடையாக்கி' என்ற நெடுஞ்சொல் தேவைப்படுகின்றது. ஆயினும் 'கொள்ளளவி'யைவிட 'மின்தேக்கி' செயலை நேராக உணர்த்துவதை மறுப்பதற்கில்லை. மின்விசிறி பழுதுபார்ப்போர் நாவில் இரண்டும் ஏறவில்லை. அவர்களுக்கு அது 'கண்டென்சர்'தான்.

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் தமிழ்வழிப் பொறியியற் கல்வியைத் தொடங்கியபோது தெரிந்தெடுத்தவை கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் ஆகும். மின்பொறியியல் அவற்றுள் இடம்பெறவில்லை.