துவக்கின் பொறி



பொறி என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் பொருள்கள் பல. கல்லும் இரும்பும் உரசும்போது தெறிக்கும் நெருப்புத் துளி பொறி. மனிதன் சமைத்த இயந்திரம் பொறி. விலங்கைச் சிக்க வைக்கும் கண்ணியும் பொறியே. துவக்கு என்னும் ஆயுதத்தின் வரலாற்றில் இம்மூன்று பொருளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றன. அவ்வரலாற்றை நமது தீவின் வேட்டைக் காடுகளை நிலைக்களனாகக் கொண்டு இன்று நோக்குவோம்.

அமெரிக்கச் சமவெளிகளில் கொயோட்டி என்றொரு விலங்கு உண்டு. ஓநாய்க்கும் நரிக்கும் உறவான அதனை வேட்டையாடுவோர், எவ்வகைப் பொறி பூண்ட றைபிள் சிறந்தது என்று ஓயாது வாதிடுவர். நமது தீவில் கொயோட்டி இல்லை. நாயினத்துக் காட்டு விலங்கு நமக்கு நரி ஒன்றே. மாளிகாவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்வோர் அதனையும் கதைகளிலேயே அறிவர். ஆயினும், எத்துவக்கு நல்லது என்னும் வினா நமக்குப் புதியதன்று. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டிலும் அது கேட்கப்பட்டு வந்ததே.

போர்த்துக்கேயர் 1505ஆம் ஆண்டில் இத்தீவை அடைந்தனர். அவர்களுடைய வெடிகளின் ஓசை இடியினும் பெரிதென்று கோட்டை மன்னனுக்கு அறிவிக்கப்பட்டதாக இராஜாவலிய என்னும் சிங்கள வரலாற்று நூல் கூறும். அந்த வியப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. அந்நூற்றாண்டு முடிவதற்குள் இந்நாட்டுக் கொல்லரே துவக்குச் செய்வதில் தேர்ச்சி பெற்றனர். 1596இல் தமது பயண நூலை வெளியிட்ட ஒல்லாந்தர் லின்ஸ்கொட்டன், சிங்களக் கொல்லர் செய்த குழல்களின் அழகையும் பளபளப்பையும் புகழ்ந்துள்ளார். அக்கொல்லர் பிறர் செய்ததை அப்படியே பின்பற்றினரல்லர். மேனாட்டுத் துவக்குகளில் வலப்புறம் இருக்கும் பொறியை இவர்கள் இடப்புறம் அமைத்தனர். பிடங்கை இரண்டாகப் பிளந்து சுருள் வேலைப்பாடு செய்தனர். 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடிப் பல பொருள்களைக் கவர்ந்து சென்றனர். நெதர்லாந்து 2023இல் இலங்கைக்குத் திருப்பியளித்த ஆறு பொருள்களுள், புகழ்பெற்ற லெவ்கே பீரங்கியோடு இரண்டு பெருந்துவக்குகளும் இருந்தன.

அக்காலத் துவக்குகள் யாவும் வாய்வழி நிரப்பப்படுவன. வெடிமருந்தைக் குழலின் வாயில் இட்டு, சன்னத்தையும் இட்டு, கோலால் இடித்து இறுக்கவேண்டும். இடித்து நிரப்புவதனாலேயே வன்னி மக்கள் இத்தகைய நாட்டுத் துவக்கை 'இடியன்' என்று அழைக்கின்றனர். பழைய துவக்கில் எரியும் திரி மருந்தைப் பற்றவைத்தது. அடுத்து வந்ததில் சக்கிமுக்கிக் கல் இரும்பில் மோதி நெருப்புப் பொறியை உதிர்த்தது. இரண்டுக்கும் மழை பகையாயிற்று. அன்றியும், வெளியே இட்ட மருந்து முதலில் மின்னி, அதன் பின்னரே குழலுக்குள் வெடி எழும். அந்த இடைவேளையில் பறவை பறந்துவிடும். பறவை வேட்டையில் விருப்பமுள்ள ஸ்கொத்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் போர்சைத் இக்குறையைக் களைய முற்பட்டு, அடிபட்டவுடன் வெடிக்கும் மருந்தைப் பயன்படுத்தும் பொறிக்கு 1807இல் உரிமை பெற்றார். அதிலிருந்தே பின்னாளில் 'கேப்' என்னும் சிறு செப்புக் குல்லாய் தோன்றிற்று.

இந்தக் கேப் துவக்குக் காலமே இலங்கைக் காடுகளின் துயரக் காலமுமாகும். கொழும்புக் கொம்பனித்தெருவில் இன்றும் றைபிள் வீதி என்றொரு வீதி உண்டு. மலாய் வீரர் பெருவாரியாகப் பணியாற்றிய இலங்கை றைபிள் படையை அப்பெயர் நினைவூட்டுகின்றது. அப்படையைச் சேர்ந்த மேஜர் றோஜர்ஸ் பதுளையில் அரசாங்க அதிகாரியாகவும் இருந்தவர். அவர் கொன்ற யானைகள் 1,400க்கு மேற்பட்டவை என்று, குடியேற்ற நாட்டுச் செயலாளராக இங்கிருந்த எமர்சன் டெனன்ற் எழுதுகின்றார். றோஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். அடுத்து வந்த சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் குடியேறினார். பிறிஸ்டல் நகர் கிப்ஸ் என்பவர் செய்த அவரது தனிக்குழல் றைபிளின் நிறை 21 இறாத்தல்! அதனோடு இரட்டைக்குழல் றைபிள்களை நிரப்பியபடி ஏவலாளர் பின்னே ஏந்திவர, ஒன்றைச் சுட்டு மற்றொன்றைக் கைநீட்டி வாங்கிக்கொள்வார். பொறியின் மந்தத்தை ஆள்பலம் ஈடுசெய்தது. அதே பேக்கர் மரைகளை நாய்களால் துரத்திக் கத்தியொன்றினாலேயே வேட்டையாடினார் என்பதும் கருதத்தக்கது.

ஆங்கிலேய வீரர்களை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது. யானையொன்றுக்குச் சில சிலிங் என்று அரசாங்கமே வெகுமதி கொடுத்தது. வட மாகாணத்தில் 1848க்கு முற்பட்ட மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் 3,500 யானைகள் அழிக்கப்பட்டன என்றும் டெனன்ற் கணக்குத் தருகின்றார். அவற்றைச் சுட்டவர் பெரும்பாலும் இந்நாட்டுக் கிராம மக்களே.

இதன் பின்னரே புதிய பொறிகள் வந்தன. தோட்டாவைப் பின்புறமாக இடும் முறை பரவியதும், வேட்டைக்காரன் முன் நான்கு வழிகள் திறந்தன. முதலாவது, மடித்துத் திறக்கும் இரட்டைக்குழல் றைபிள். ஒரு குழலின் பொறி பிழைத்தாலும் மற்றது உதவும். இரண்டாம் வெடி நொடியில் எழும். ஆனால் அதன் விலையும் நிறையும் பெரிது. இரண்டாவது, விரற்காப்போடு சேர்ந்த நெம்புகோலைக் கீழே தள்ளி இயக்குவது. தோளிலிருந்து எடுக்காமலே விரைந்து சுடலாம்; நிலத்திற் படுத்துச் சுடுவோனுக்கோ கீழிறங்கும் நெம்புகோல் இடையூறு. மூன்றாவது, கதவுத் தாழ்ப்பாள்போலத் திருப்பி இழுத்துத் தள்ளும் பொறி. ஜெர்மனியின் மௌசர் 1898இல் நிறைவுசெய்த அமைப்பு இதற்குப் பேர்பெற்றது. இது உறுதியானது, எளியது, குறி தவறாதது. ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் கை வேலைசெய்தாக வேண்டும். நான்காவது, வெடியின் விசையாலேயே அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது. வேகம் இதற்கே மிகுதி. உறுப்புகளும் துப்புரவு வேலையும் மிகுதி.

எது சிறந்தது? இந்தியாவின் பெயர்பெற்ற இருவரை நோக்குவோம். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907இல் சுட்டமைக்காக ஜிம் கோர்பெட்டுக்குப் பரிசளிக்கப்பட்ட றிக்பி றைபிள் தாழ்ப்பாள் வகையைச் சேர்ந்தது. அதனோடு கனத்த இரட்டைக்குழல் ஒன்றையும் அவர் வைத்திருந்தார். பெங்களூரில் வாழ்ந்து ஓசூர்ப் பக்கத்துக் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சன் நம்பியதோ 1895 மாதிரி வின்செஸ்டர் என்னும் நெம்புகோல் றைபிள். பொறி வேறு, எனினும் இருவரும் விலங்கின் தடத்தைப் படிப்பதிலும் காத்திருப்பதிலும் ஒத்தவர். கொயோட்டி வேட்டைக்காரருக்கும் இதுவே விடை. தொலைவில் நிற்கும் ஒன்றைச் சுடுவோனுக்குத் தாழ்ப்பாள் வகை பொருந்தும். பல ஒருங்கே அணுகுமிடத்தில் தானே ஏற்றிக்கொள்வது உதவும். எதுவாயினும் குறியைத் தெளிந்த பின்னரே விரல் அசையவேண்டும்.

பொறி விரைவானால் அழிவும் பெருகும் என்று நாம் எளிதில் எண்ணிவிடுகின்றோம். இத்தீவின் வரலாறு அவ்வாறு கூறவில்லை. ஆயிரக்கணக்கான யானைகளை வீழ்த்தியவை இடித்து நிரப்பிய மந்தமான துவக்குகளே. விரைவான பொறிகள் பரவிய காலத்திலேதான் காவலும் பிறந்தது. வேட்டைக்காரரும் தோட்டத்துரைமாரும் கூடி 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தனர். 1937இல் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1938இல் யாலவும் வில்பத்துவும் தேசிய வனங்களாயின. துவக்கின் வேகத்தைவிட, அதைத் தாங்கும் கையையும் அக்கையை ஆளும் சட்டத்தையுமே நாம் முதலிற் பார்க்கவேண்டும்.

இனி, பொறி என்னும் சொல்லின் மூன்றாம் பொருளுக்கு வருவோம். கட்டுத்துவக்கு என்பதை நமது கிராமத்தவர் அறிவர். பழைய இடியனை மரத்திலே கட்டி, வழியின் குறுக்கே மெல்லிய கயிறு இழுத்துவிட்டால், கயிற்றைத் தட்டும் எதன்மீதும் அது வெடிக்கும். இரவெல்லாம் காவலிருந்தும் பன்றியிடம் பயிரைப் பறிகொடுத்த கமக்காரனின் துன்பம் பொய்யன்று. ஆனால் அந்தக் கயிறு பன்றியையும் யானைக் கன்றையும் வேறுபிரித்தறியாது; விறகு பொறுக்க வரும் அயல்வீட்டானையும் அறியாது. காலில் சன்னம் தைத்த யானை பல நாள் நொந்து சாகின்றது. காட்டுப் பாதையில் மனிதரும் கால் இழக்கின்றனர், உயிர் இழக்கின்றனர்.

இரட்டைக்குழலாயினும் நெம்புகோலாயினும் தாழ்ப்பாளாயினும், அவற்றின் பின்னே ஒரு கண் இருக்கின்றது. சுடலாமா, வேண்டாமா என்று அது ஒருகணம் எண்ணுகின்றது. கட்டுத்துவக்கின் பின்னே கண் இல்லை. துவக்குகளுள் மிகப் பழையதும் மந்தமானதுமான அதுவே, நினைப்பார் எவருமின்றி வெடிப்பதனால், யாவற்றினும் கொடியதாகின்றது. சட்டம் அதனைத் தடுத்திருக்கின்றது. பன்றியிடமிருந்து பயிரைக் காக்க வேறு வழியைக் கமக்காரனுக்குக் காட்டினாலன்றி, அச்சட்டம் காட்டுப் பாதையை எட்டாது.