கிட்டங்கி முதல் அன்னதானக் கூடம் வரை

வழிநடைப் பயணிகளுக்குச் சத்திரம் அமைத்து, உண்டியும் உறைவிடமும் அளிப்பதைத் தமிழர் தொன்றுதொட்டுப் பேரறமாகப் போற்றி வந்துள்ளனர். 1863ஆம் ஆண்டில் காசியில் சத்திரம் நிறுவி யாத்திரிகர்களைப் பேணிய நாட்டுக்கோட்டை நகரத்தார், தாம் கடல் கடந்து வாணிபம் செய்த ஊர்களிலும் தங்குமிடங்களை அமைத்துக்கொண்டனர். சிங்கப்பூரில் அவை 'கிட்டங்கி' எனப் பெயர் பெற்றன.

நம்மவர் செட்டித் தெரு என வழங்கிய மார்க்கெட் ஸ்திரீட்டில் இக்கிட்டங்கிகள் இருந்தன. நீண்டு குறுகிய கடைவீட்டின் கூடத்தில், லேவாதேவித் தொழில் புரிந்தோர் பலர் தத்தமக்குரிய சில அடி இடத்தில் பெட்டகமும் கணக்குப் பெட்டியும் வைத்திருந்தனர். பகலில் அலுவலகமாக விளங்கிய அவ்விடமே, இரவில் பாய் விரித்துத் துயிலும் இல்லமாயிற்று. குடும்பத்தை ஊரில் விட்டு, ஏறத்தாழ மூன்றாண்டுத் தவணையில் வந்த அவர்களுக்குப் பொதுச் சமையற்காரர் ஊர்ச்சுவை குன்றாமல் உணவு சமைத்தளித்தார். இவ்வாறு சிக்கனமாக வாழ்ந்த நகரத்தார் பெருமக்களே 1859இல் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி ஆலயத்தை எழுப்பினர்.

எனினும் ஓர் உண்மையை நாம் மறத்தலாகாது. கிட்டங்கி, தன் சமூகத்தாருக்கே உரிய இல்லமாக இருந்தது. துறைமுகத்திலும் சாலைப் பணியிலும் உழைத்த தொழிலாளி தன் பசிக்கு வேறிடம் நாட வேண்டியிருந்தது.

அவ்வாறு நாடி வந்தோர் பலருக்குச் சிராங்கூன் சாலை புகலிடமாயிற்று. 1828ஆம் ஆண்டின் நிலப்படத்தில் வெறும் குதிரைப் பாதையாகக் காணப்பட்ட அச்சாலை, பின்னர்ச் சுண்ணாம்புக் காளவாய்களும் மாட்டுத் தொழுவங்களும் நிறைந்த இடமாக மாறிற்று. 'சுண்ணாம்புக் கம்பம்' என்னும் பழம்பெயர் இதற்குச் சான்றாகும். மக்கள் பெருகவே உணவகங்களும் பெருகின. 1924இல் செலிகி ரோட்டில் ஆனந்த பவன் தோன்றியது. திரு. முருகையா ராஜூ அவர்கள் தாம் பணியாற்றிய உணவகத்தையே விலைக்கு வாங்கி, 1947இல் கோமள விலாஸ் எனத் தொடங்கினார். கிட்டங்கிக்குள் அடங்கியிருந்த ஊர்ச்சுவை, கையில் காசுள்ள எவருக்கும் கிட்டும் பொருளாயிற்று.

காசில்லாதவர் நிலை யாது? அவ்வினாவுக்கு விடையாக விளங்குவது திருக்கோயில். இங்கு விரிக்கப்படும் இலை, அமர்பவரின் இனத்தையும் கேட்பதில்லை, கைப்பொருளையும் கேட்பதில்லை.

மார்க்கெட் ஸ்திரீட்டின் கிட்டங்கிகள் 1970களின் நகரச் சீரமைப்பில் மறைந்தன. ஆயின், குடும்பத்தைப் பிரிந்து பொருளீட்ட வருவோர் இன்றும் மறையவில்லை. ஞாயிறுதோறும் சிராங்கூன் சாலையில் திரளும் தொழிலாளத் தம்பிகளைக் காணுந்தோறும், நம் முன்னோர் நம் கண்முன் நடப்பதாகவே உணர்தல் வேண்டும். அன்னதானப் பந்தியில் அவர்களை முதலில் அமர்த்தி உபசரிப்பதே இவ்வரலாற்றுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும். அதற்கு இறைவன் திருவருள் துணைநிற்பதாக!