கணக்கர் தீட்டிய ஓவியங்கள்

தந்தையும் மகனும் கழுதையும் ஊர்வழியே சென்ற கதையை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. ஏறிச் சென்றாலும் ஏசினர். இறங்கி நடந்தாலும் ஏசினர். அக்கதையைப் பூபேன் காக்கர் என்பார் 1981ஆம் ஆண்டில் பெரியதொரு திரைச்சீலையில் தீட்டினார். தெருவில் அவ்விருவரும் கழுதையுடன் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றனர். மேல்மாடத்திலோ, ஆடையேதும் இன்றி ஓர் ஆடவர் நின்று அதனைப் பார்த்துக்கொண்டிருக்கின்றார். 'எல்லாரையும் மகிழ்விக்க இயலாது' என்பது ஓவியத்தின் பெயர். மாடத்தில் நிற்பவர் ஓவியரே என்று கலை ஆய்வாளர் கொள்வர். தாம் ஆடவரை விழையும் ஆடவர் என்பதனை அவர் ஊரறியக் கூறிய முறை இதுவாகும்.

காக்கர் 1934இல் பம்பாயில் பிறந்தவர். குஜராத்தி பேசும் நடுத்தரக் குடும்பம். தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தார். வீட்டார் விரும்பியவண்ணம் பட்டயக் கணக்கரானார். ஆயினும் உள்ளம் ஓவியத்தையே நாடியது. ஓவியர் குலாம் முகம்மது ஷேக் அளித்த ஊக்கத்தால் 1962இல் பரோடாவுக்குப் பெயர்ந்து, அங்குள்ள பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவிற் சேர்ந்தார். அங்கு அவர் கற்றது கலைத் திறனாய்வே. தூரிகை பிடிப்பதை ஆசிரியரிடம் முறையாகப் பயிலவில்லை. பின்னும் நெடுங்காலம் ஒரு தொழிற்சாலையில் கணக்கெழுதிப் பிழைப்பு நடத்தி, எஞ்சிய பொழுதில் ஓவியம் தீட்டினார். முறையான பயிற்சியின்மையை அவர் குறையாகக் கருதவில்லை. கடைத்தெருவில் விற்கும் சாமிப் படங்களையும் நாட்காட்டிப் படங்களையும் தம் பள்ளியாக்கிக்கொண்டார். படித்த ஓவியர் பலரும் இழிவெனத் தள்ளியவை அவை!

1970களில் அவர் தீட்டியவை கடிகாரம் பழுது பார்ப்பவர், தையற்காரர், முடி திருத்துபவர் ஆகியோரின் படங்கள். அதற்கு முன் இந்திய ஓவியத்தில் இத்தகையோர்க்கு இடம் அரிது. உழவரும் தெய்வங்களும் இருந்தனர், கடைக்காரர் அரியர். அம்மனிதர் முகங்களில் ஒருவகைத் தனிமை தேங்கி நிற்பதைக் காணலாம். அத்தனிமையின் காரணத்தை ஓவியர் அப்போது வெளியிடவில்லை.

ஏன் வெளியிடவில்லை? சட்டம் ஒருபுறம். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்து 377ஆம் பிரிவு, ஆடவர் இருவரின் உறவைக் குற்றமாக்கி வைத்திருந்தது. (அச்சட்டமே நீரிணைக் குடியேற்ற நாடுகளின் தண்டனைச் சட்டத்துக்கும் முன்மாதிரியாய் அமைந்தது.) ஆனால் சட்டத்தினும் பெரிய அச்சம் வீட்டில் இருந்தது. தாயார் மனம் நோகுமே என்ற எண்ணமே அவரைக் கட்டியது எனல் தகும். 1979இல் இங்கிலாந்து சென்று, ஓவியர் ஹோவர்ட் ஹாட்ஜ்கினுடன் தங்கிப் பாத் கலைக்கழகத்தில் பாடம் நடத்தியபொழுது, இத்தகையோர் மறைவின்றி வாழ்வதைக் கண்டார். மறு ஆண்டு தாயார் காலமானார். அதன் பின்னரே கழுதைக் கதை ஓவியம் பிறந்தது.

அடுத்து 1982இல் வந்த 'காசியில் இரு ஆடவர்' இன்னும் துணிவுடையது. ஒருபுறம் இருவர் ஆடையின்றித் தழுவி நிற்கின்றனர். மறுபுறம் வழிபாடும் துறவியரும் நிறைந்த புண்ணிய நகரம். வம்புக்காகத் தீட்டியது என்று கூறுவோர் இருக்கலாம். அது பொருந்தாது. காக்கர் சமயத்தைப் பகைத்தவர் அல்லர். அச்சமய உலகிலேயே தம் போன்றோர்க்கும் இடம் உண்டென நாட்ட முயன்றவர். 1987இல் யயாதியை வரைந்தார். முதுமையும் இளமையும் கைமாறும் அப்பழங்கதை அவர் தூரிகையில் இரு ஆடவரின் கதையாயிற்று. 1990களில் 'சகிபாவம்' என்ற பெயரிலும் வரைந்தார். ஆணடியார் தம்மைக் கண்ணனின் தோழியாகப் பாவிக்கும் வைணவ நெறி அது. நம்மாழ்வார் பராங்குச நாயகி ஆன வரலாற்றை அறிந்த தமிழர்க்கு இது புதுமையன்று. பக்தியில் ஏற்றதை வாழ்வில் ஏற்க மறுப்பது ஏன் என்பதே அவ்வோவியம் எழுப்பும் வினா.

இந்திய அரசு 1984இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அரசின் ஒரு கை மாலையிட, மற்றொரு கையில் 377ஆம் பிரிவு இருந்தது விந்தையே. இறுதி ஆண்டுகளில் புற்றுநோய் கண்டது. நோயுற்ற உடலையும் அவர் மறைக்கவில்லை. குருதியும் காயமும் அப்படியே படங்களில் வந்தன, இடையிடையே நகைச்சுவையும். 2003 ஆகஸ்டில் பரோடாவில் மறைந்தார். 2016இல் லண்டன் டேட் மாடர்ன் கூடம் அவர் ஓவியங்களைத் திரட்டிக் காட்டியபோது, அந்நகர நாளிதழ்த் திறனாய்வாளர் ஒருவர் அவற்றைக் கடுமையாகச் சாடினார். அதனை மறுத்தோரும் உண்டு. தில்லி உயர்நீதிமன்றம் 2009இல் தளர்த்திய 377ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2013இல் மீண்டும் நிலைநிறுத்தியது. 2018 செப்டம்பர் 6ஆம் நாள், மனமொத்த வயது வந்தோரின் உறவு குற்றமன்று என அந்நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு, 'காசியில் இரு ஆடவர்' லண்டன் ஏலத்தில் 25 இலட்சம் பவுனுக்கு மேல் விலைபோயிற்று. அதைத் தீட்டியவர் மறைந்து அப்போது ஏறத்தாழ 16 ஆண்டுகள் ஆகியிருந்தன.